ரீகண்டிஷன் குரோம்புக்: வைச்சிருக்கிறதா, திருப்பிக் குடுக்கிறதா?

கொழும்பு06 கேட்டது:

உயர்தரம் படிக்கிற மகளுக்கு ரீகண்டிஷன் குரோம்புக் (விண்டோஸ் இல்லாமல் கூகுளின்ர குரோம் ஓஎஸ்ஸில் ஓடுற லெப்டொப்) ஒன்று எடுத்திருக்கிறம். 11.6 அங்குலத் திரை, செலரோன் என்4020, 4 ஜிபி ரெம், 32 ஜிபி ஸ்டோரேஜ். பிடிக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் கொண்டுவரலாம் என்று கடையில் சொல்லியிருக்கினம். அதுதான் இப்பவே கேட்கிறன்.

முதல் பார்வையில் பிடிச்சது: மூடியைத் திறந்த கையோடு எழும்புது. ஃபேன் இல்லை, அதால் சத்தமும் இல்லை. பாரம் குறைவு. கீபோர்டு அடிக்க நல்லாயிருக்கு. வைரஸ் கார்ட், ஆக்டிவேஷன் என்று ஒரு கரைச்சலும் இல்லை.

இடிக்கிறது: கெப்ஸ் லொக் இல்லை, டிலீட் இல்லை. திரையில் எல்லாம் பெரிசு பெரிசாய்த் தெரியுது, ஒரு பக்கத்தில் பாதியும் கொள்ளுதில்லை. சூம் வகுப்பு ஓடேக்க பத்துப் பன்னிரண்டு டாப் திறந்திருந்தால் குரல் விட்டு விட்டு வருது. பழைய டாப்பைத் தொட்டால் முதலிலிருந்து லோட் ஆகுது. ரியூஷன் மாஸ்டர் அனுப்பிற வேர்ட் ஃபைல் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் இருக்கு, இதில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான். வீட்டில் இருக்கிற பழைய யூஎஸ்பி லேசர் பிரிண்டரைக் குத்தினால் அசுமாத்தமே இல்லை.

இதெல்லாம் செட்டிங்ஸில் திருத்தக்கூடியதா, இல்லை பொருளே எங்களுக்குச் சரிவராததா? கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முதல் என்னென்ன பார்க்க வேணும்?

மின்குமிழ் பதில்:

வேகம், டாப் எல்லாத்தையும் பிறகு பார்ப்பம். அந்தக் கிழமை முடிய முதல் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது பிழைச்சால் மற்ற இரண்டையும் பார்க்கவே தேவையில்லை.

1. பூட்டு. ரீகண்டிஷன் என்று வருகிற சின்னக் குரோம்புக்குகளில் பல, வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் பாவிச்சுக் கழிச்சவை. பள்ளிக்கூடம் இயந்திரத்தைத் தன்ர நிர்வாகக் கணக்கில் பதிஞ்சு வைச்சிருக்கும். விற்கேக்க அந்தப் பதிவை எடுத்துவிட வேணும். எடுக்காமல் விட்டால் அந்தச் சீரியல் நம்பர் கூகுள் சேர்வரில் பள்ளிக்கூடத்தின்ர பேரிலேயே நிற்கும். நீங்கள் எத்தனை தரம் அழிச்சுப் போட்டாலும், இன்டர்நெட்டைத் தொட்டதும் அவையின்ர கணக்கைத்தான் கேட்கும்.

சோதிக்கிற விதம்: டவுன்லோட்ஸில் இருக்கிறதைப் பென் ட்ரைவுக்கு எடுத்து வையுங்கோ, ஏனெண்டால் எல்லாம் அழியப்போகுது. சைன் அவுட் பண்ணி, கணக்கு கேட்கிற திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நாலையும் சேர்த்து அமத்துங்கோ. பவர்வொஷ் என்று கேட்கும், ஓம் சொல்லுங்கோ. திரும்ப எழும்பினதும் வைஃபை குடுத்து, புதுசு மாதிரி முதலிலிருந்து போங்கோ. சாதாரண ஜிமெயில் கணக்கை ஏற்றுக்கொண்டு மேசைத் திரை வந்தால் பூட்டு இல்லை. "இந்தச் சாதனம் நிர்வகிக்கப்படுகிறது" என்றோ ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின்ர டொமைன் பேரோ வந்தால் அண்டைக்கே கடைக்குக் கொண்டுபோங்கோ.

இன்னொரு அடையாளம்: ஒவ்வொரு தரமும் ஓன் பண்ணேக்க "ஓஎஸ் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு எச்சரிக்கைத் திரை வந்து, கொஞ்சம் பொறுத்து பீப் அடிச்சுப் போட்டுத்தான் உள்ளே போகுதோ? அது டெவலப்பர் மோட். பூட்டை மறைக்க அப்படி வைச்சு விற்கிறதும் உண்டு. அந்தத் திரையில் பிள்ளை தெரியாமல் ஒரு கீயைத் தட்டிச் சரிபார்ப்பு திரும்ப ஓன் ஆகிட்டால் உள்ளே இருக்கிறது எல்லாம் போகும், பூட்டும் திரும்பி வரும். அப்படி ஒன்றை என்ன விலைக்கும் எடுக்கக்கூடாது.

2. அப்டேட் முடியிற திகதி. செட்டிங்ஸில் கடைசியில் "அபவுட் குரோம் ஓஎஸ்", அதுக்குள்ள "அடிஷனல் டீடெய்ல்ஸ்". அப்டேட் எந்த மாதம், எந்த ஆண்டு வரைக்கும் என்று அங்கே எழுதியிருக்கும். 2023 செப்டெம்பரில் கூகுள் இதைப் பத்து வருசமாக்கினது. ஆனால் எண்ணத் தொடங்கிறது நீங்கள் காசு குடுத்த நாளிலிருந்து இல்லை, அந்த ஹார்ட்வெயர்த் தளம் முதன்முதல் வெளிவந்த நாளிலிருந்து. 2021க்கு முந்தின தளங்களுக்குக் கூடின காலம் தானாய் வராது, செட்டிங்ஸில் நீங்களே சம்மதம் குடுத்து எடுக்க வேணும். எடுத்தால் அண்ட்ராய்ட் அப் மாதிரிச் சில வசதி நின்றுபோகலாம், அந்தப் பக்கத்தை வாசிச்சுப் போட்டு ஓம் சொல்லுங்கோ.

திகதி முடிஞ்சால் இயந்திரம் நிற்காது. பிரவுசர் அந்த வேர்ஷனிலேயே உறைஞ்சு போகும். பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. பிறகு ஒவ்வொரு வெப் தளமாய் "பிரவுசரை அப்டேட் செய்யவும்" என்று சொல்லத் தொடங்கும், வங்கித் தளங்கள்தான் முன்னுக்கு வரும். மகள் கம்பஸ் முடிக்கிற வருசத்தைக் கணக்குப் பண்ணி, அதுக்கு முதல் திகதி முடிஞ்சால் விலையில் பேசுங்கோ, இல்லாட்டில் மாத்துங்கோ.

3. பற்றரி. அப் பட்டியலில் "டயக்னொஸ்டிக்ஸ்" என்று தேடுங்கோ. பற்றரியின்ர ஆரோக்கியம் எத்தனை வீதம், சைக்கிள் எத்தனை என்று காட்டும். அங்கேயே மெமரி டெஸ்ட், சிபியு டெஸ்ட் இரண்டும் இருக்கு, ஓட விடுங்கோ. மெமரி டெஸ்ட் ஓட மற்ற எல்லாத்தையும் மூடிவிடுங்கோ. ரெம் போர்டில் ஒட்டினது, பழுது என்றால் மாத்தி விட ஏலாது.

இந்த மூன்றும் தேறினால் வந்து சொல்லுங்கோ, மிச்சத்துக்கு வழி இருக்கு.

ஆய்தஎழுத்து பதில்:

தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள்: தமிழில் அடிப்பது ஒன்று, பாமினியில் அடித்து வந்ததைத் திறப்பது மற்றொன்று.

அடிப்பதற்கு வெளியிலிருந்து எதுவும் போடத் தேவையில்லை. செட்டிங்ஸில் உள்ளீட்டு முறைகள் பகுதிக்குப் போய், தமிழ் என்று தேடிச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஐட்ரான்ஸ், ஒலிப்பு முறை, டைப்ரைட்டர் என்று ஐந்தும் கிடைக்கும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். சிங்களமும் சேர்த்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் வரிசையாய்ச் சுற்றும்.

ரீகண்டிஷன் பொருளில் முதலில் ஆங்கில லேஅவுட்டைச் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்ததென்றால் கீயில் அச்சடித்திருப்பது ஒன்றாகவும் திரையில் விழுவது வேறொன்றாகவும் இருக்கும். பிரிட்டிஷ் கீபோர்டில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க லேஅவுட்டுக்கு இடம் மாறியிருக்கும். பாஸ்வேர்ட் பிழை, பிழை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். கீபோர்டைப் பார்த்து அதற்கு ஒத்த லேஅவுட்டைச் சேர்த்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

மகளுக்கு இன்னும் எந்தத் தமிழ் லேஅவுட்டும் கையில் ஏறவில்லை என்றால் தமிழ்99இல் தொடங்கட்டும். உயிர் எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்பதற்கு ஏ, கே, கே, கியூ என்று நான்கே தட்டல். பாமினியில் கை பழகியவர்களுக்கு டைப்ரைட்டர் முறை கிட்ட வரும், அப்படியே பொருந்தாது. சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அவர்கள் ஒலிப்பு முறைக்குப் போவதே கரைச்சல் குறைவு.

இனி பாமினி. பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்கு மேல் தமிழ் உருவங்களை ஃபொன்ட் போர்த்தியிருக்கிறது. "தமிழ்" என்ற சொல் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். ஃபொன்ட் இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும், நீங்கள் காணும் குப்பை அதுதான். குரோம் ஓஎஸ்ஸில் விண்டோஸைப் போல ஃபொன்ட் ஃபைலைத் திறந்து பதிந்துகொள்ள முடியாது. கூகுள் டொக்ஸும் தன் பட்டியலில் உள்ள ஃபொன்ட்டுகளையே ஏற்கும்.

வழி மூன்று. வாசிக்க மட்டும் என்றால் மாஸ்டரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். பிடிஎஃப்புக்குள் ஃபொன்ட்டும் சேர்ந்து வருவதால் எங்கும் ஒழுங்காய்த் தெரியும். மாஸ்டரைப் பொறுத்தவரை அது "சேவ் ஆஸ்" செய்யும் வேலைதான்.

திருத்தி எழுத வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச வலைத்தளங்கள் நிறைய உண்டு. முழு ஃபைலையும் அள்ளிப் போடக்கூடாது. மாற்றிக்கு ஃபொன்ட் எது என்று தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். இடையில் டைம்ஸ் ஃபொன்ட்டில் அடித்த ஆங்கிலச் சொல், சமன்பாட்டில் வரும் எக்ஸ், வை எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்துப் பிசைந்துவிடும். இரசாயனவியல் குறிப்பென்றால் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் பந்திகளை மட்டும் துண்டு துண்டாய் மாற்றுங்கள். மாற்றிய பிறகு காற்புள்ளியையும் "இ"யையும் கவனியுங்கள். பாமினியில் காற்புள்ளிக் கீயில்தான் "இ" உட்கார்ந்திருக்கிறது, ஆங்கில வரியிலிருந்த காற்புள்ளி எல்லாம் "இ" ஆகிவிடும்.

மூன்றாவது, லினக்ஸ் பகுதியை (குரோம் ஓஎஸ்ஸுக்குள் தனியாக ஓடும் இன்னொரு இயங்குதளம்) செட்டிங்ஸில் இயக்கி, வேர்ட் போன்ற இலவச லிப்ரே ஒஃபிஸைப் போட்டு, லினக்ஸ் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் புள்ளியோடு தொடங்கும் ஃபொன்ட்ஸ் என்ற மறைவு ஃபோல்டர் ஒன்று ஆக்கி, பாமினி டிடிஎஃப் ஃபைலை அதற்குள் போடுவது. லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் ஃபைல் வந்தபடியே தெரியும். 32 ஜிபியில் இது இடத்தைத் தின்னும், வாரத்துக்கு ஒரு ஃபைலுக்காக இதைச் செய்ய மாட்டேன்.

யூனிகோட் ஃபைல்களிலும் ஒரு சங்கதி. லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் ஃபொன்ட் இங்கே இல்லை. எழுத்து தெரியும், ஆனால் வேறு ஃபொன்ட்டில் தெரிவதால் வரி நீண்டு பக்க எண்ணிக்கை மாறும். ஒப்படை, விண்ணப்பம் என்று பக்கம் முக்கியமான எதையும் பிடிஎஃப்பாகவே அனுப்பட்டும்.

கொழும்பு06:

மின்குமிழ் சொன்னபடி பவர்வொஷ் பண்ணினன். சாதாரணக் கணக்கு ஏறிட்டுது, பூட்டு இல்லை. அப்டேட் திகதி அவள் கம்பஸ் முதலாம் வருசம் போறதுக்குள்ள முடியுது, ஆனால் நீட்டிக்கலாம் என்று காட்டுது. பற்றரி ஆரோக்கியம் 68 வீதம்.

ஆய்தஎழுத்துக்கு நன்றி. பிடிஎஃப் அனுப்பச் சொல்லியாச்சு. பிரிண்டருக்கு ஆராவது?

அச்சுக்கூடம் பதில்:

பிரிண்டர் மாடலைச் சொல்லலியே. யூஎஸ்பி மட்டும் உள்ள பழைய லேசர் என்றால் அனேகமா கேனன் எல்பிபி2900 வகையறாவாத்தான் இருக்கும், இங்க வீட்டுக்கு வீடு கிடக்கிறது அதுதானே. அது ஓடாது. காரணம் இதுதான்: அந்த மாதிரிப் பிரிண்டருக்குள்ள சொந்த மூளை குறைவு. பக்கத்தை ஆயத்தப்படுத்துற வேலையைக் கொம்பியூட்டரில இருக்கிற டிரைவர் செஞ்சு, கெப்ட் என்ற கேனனோட சொந்த மொழியில அனுப்பணும். அந்த டிரைவர் விண்டோஸுக்கு இருக்கு, குரோம் ஓஎஸ்ஸுக்கு இல்ல. டிரைவர் சீடி, செட்டப் ஃபைல் எதுவும் குரோம்புக்குல போடவும் ஏலாது. லினக்ஸ் பகுதிக்குள்ள போட்டு ஓட்டலாம்னு வீடியோ போட்டிருப்பாங்க, நேரம் மிச்சமா உள்ளவங்க பார்க்கட்டும்.

குரோம்புக் எதிர்பார்க்கிறது டிரைவர் இல்லாமலே அச்சடிக்கிற பிரிண்டரை. புதுசா வாங்கப் போறீங்கன்னா பெட்டியில ஏர்பிரிண்ட் இல்லாட்டி மொப்ரியா அடையாளம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டையும் ஒரே வைஃபையில விட்டா தானா கண்டுபிடிக்கும், செட்டிங்ஸில பிரிண்ட் பகுதியில சேவ் பண்ணினாப் போதும். அப்பிடி வராட்டி ரவுட்டர் கெஸ்ட் வைஃபையில ஒண்ணும் மெயின் வைஃபையில ஒண்ணும் நிக்குதான்னு பாருங்க. கெஸ்ட் வைஃபை ஒண்டை ஒண்டு பார்க்க விடாது.

பழைய பதிவுகள்ல கிளவுட் பிரிண்ட்னு ஒண்ணு சொல்லுவாங்க. அதைக் கூகுள் 2020 டிசம்பரோட மூடிட்டாங்க, தேடாதீங்க.

மாசத்துக்குப் பத்துப் பக்கம்தான்னா பிரிண்டர் மாத்தவே வேணாம். பிடிஎஃப் ஆக்கி பென் ட்ரைவில போட்டுக்கிட்டு தெரு முனைக் கொமியூனிகேஷன்ல எடுத்துக்கலாம். பென் ட்ரைவ் எந்த ஃபோர்மட்ல இருந்தாலும், அதாவது ஃபெட்32, எக்ஸ்ஃபெட், என்டிஎஃப்எஸ் மூணும் எழுதும் வாசிக்கும். கழட்ட முன்னுக்கு ஃபைல்ஸ் அப்புல இஜெக்ட் அடையாளத்தைக் கட்டாயம் அமத்துங்க. கொமியூனிகேஷன் கொம்பியூட்டர்ல இருந்து வர்ற வைரஸ் குரோம்புக்குக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா அதே பென் ட்ரைவை வீட்டு விண்டோஸில குத்தினா அங்க வேலையைக் காட்டும்.

பழசேபோதும் பதில்:

எல்லாரும் அதைத் தடவிக் குடுக்கிறியள், நான் நேரே சொல்லுறன்: திருப்பிக் குடுங்கோ. 4 ஜிபி, 32 ஜிபி இரண்டும் போர்டில் ஒட்டினது, கூட்ட ஏலாது. அதே காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் 8 ஜிபி ரெம்மும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய ஒஃபிஸ் லெப்டொப் கிடைக்கும், பாமினியும் ஓடும், பிரிண்டரும் ஓடும்.

குரோம்புக் மாதிரித்தான் வேணும் என்றால் வீட்டில் கிடக்கிற பழைய லெப்டொப்பில் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடலாம், 2022இலிருந்து இலவசமாய்க் கிடைக்குது. 4 ஜிபி ரெம், 16 ஜிபி இடம், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி போதும். 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் குரோம்புக் ரிக்கவரி யூடிலிட்டியால் எழுதி, அதிலிருந்தே பூட் பண்ணி, முதல் "ட்ரை" என்றதைத் தெரியுங்கோ. வைஃபை, சவுண்ட், டச்பேட், மூடியை மூடித் திறந்தால் எழும்புதா என்று நாலையும் பார்த்த பிறகுதான் டிஸ்க்கில் போடுறது. போட்டால் பழையது எல்லாம் அழியும். ஃப்ளெக்ஸில் பிளே ஸ்டோர் இல்லை, அதை மறக்க வேண்டாம்.

மின்குமிழ் பதில்:

பழசேபோதும் சொல்லுறதில் நியாயம் இருக்கு, ஒரு விஷயத்தைத் தவிர. பழைய ஒஃபிஸ் லெப்டொப்பும் அதே மாதிரித் தேஞ்ச பற்றரியோடதான் வரும், சார்ஜரும் வேற, பாரமும் இரண்டு கிலோவுக்குக் கிட்ட. பையில் கொண்டுபோய் வகுப்பில் பாவிக்கிற பிள்ளைக்கு அது மேசைக் கொம்பியூட்டர்தான். வீட்டில் விண்டோஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால் குரோம்புக்கை இரண்டாவதாய் வைக்கலாம். அது ஒன்றுதான் வீட்டுக் கொம்பியூட்டர் என்றால் மாத்துங்கோ.

கொழும்பு06, 68 வீதம் என்றால் புதுசில் பத்து மணித்தியாலம் நின்றது ஏழுக்குள் நிற்கும். பாவிக்கலாம். ஆனால் அதைச் சொல்லி விலை குறைக்கக் கேளுங்கோ.

இப்ப வேகம். என்4020இல் இரண்டு கோர்தான், 6 வொட் சிப். அதால்தான் ஃபேன் இல்லாமல் ஓடுது, அதால்தான் சூமோடு மூச்சு வாங்குது. ரெம் நிரம்பினால் குரோம் ஓஎஸ் முதலில் பழைய டாப்புகளைச் சுருக்கி வைக்கும், அதுவும் போதாவிட்டால் கொட்டிவிடும். தொட்டதும் திரும்ப லோட் ஆகிறது அதுதான், பழுது இல்லை. செய்யக்கூடியது:

பிளே ஸ்டோரை ஓஃப் பண்ணுங்கோ. செட்டிங்ஸில் அப்ஸ் பகுதியில் கூகுள் பிளே ஸ்டோரை "ரிமூவ்" பண்ணலாம். அண்ட்ராய்ட் முழுக்க ஒரு தனி இயந்திரம் மாதிரி உள்ளுக்குள் ஓடுது, 4 ஜிபியில் அது பெரிய பங்கு. வட்ஸ்அப் பிரவுசரிலேயே வரும். இதைச் செய்த உடனேயே வித்தியாசம் தெரியும், மற்ற எல்லாத்தையும் விட இதுக்குத்தான் பலன் கூட.

சூமை அண்ட்ராய்ட் அப்பாய்ப் போட்டிருந்தால் எடுத்துப் போட்டு, குரோம்புக்குக்கென்று இருக்கிற வெப் அப்பைப் போடுங்கோ. வகுப்பில் கலரி வியூ வேண்டாம், ஸ்பீக்கர் வியூ. பின்னணிப் படம், மங்கல் எல்லாம் ஓஃப். சேர்ச் கீயும் எஸ்கேப்பும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், மெமரி என்ற தலைப்பைத் தட்டி எது தின்னுது என்று பாருங்கோ. அனேகமாய் ஏதாவது எக்ஸ்டென்ஷன்தான்.

திரை பெரிசாய்த் தெரியுறதுக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், மைனஸ். ஒரு படி, இரண்டு படி குறைச்சால் பக்கம் கொள்ளும். 1366க்கு 768 திரையில் அதுக்கு மேல் போனால் தமிழ் எழுத்தின்ர புள்ளியும் விசிறியும் கரைஞ்சு போகும்.

கீ: டிலீட்டுக்கு சேர்ச்சும் பக்ஸ்பேஸும். கெப்ஸ் லொக்குக்கு ஆல்ட்டும் சேர்ச்சும். ஹோம், எண்ட் சேர்ச்சோடு இடது, வலது அம்பு. பேஜ் அப், டவுன் சேர்ச்சோடு மேல், கீழ் அம்பு. ரைட் கிளிக்குக்கு இரண்டு விரலால் தட்டுறது. ஸ்கிரீன்ஷொட் எடுக்க கன்ட்ரோலும் மேல் வரிசையில் ஜன்னல் படம் போட்ட கீயும். அதோடு ஷிஃப்டும் சேர்ந்தால் வேண்டிய துண்டை மட்டும் எடுக்கலாம்.

கொழும்பு06:

பிளே ஸ்டோரை எடுத்ததும் சூம் தெளிஞ்சிட்டுது. வீட்டில் பழைய டெஸ்க்டொப் ஒன்று இருக்கு, பிரிண்டர் அதிலேயே இருக்கட்டும். அப்ப இதை வைச்சுக்கொள்ளுவம் போலத்தான் இருக்கு.

அவள் ஐசிடியும் செய்யிறாள். பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாம் இதில் ஓடுமா? மற்றது இன்டர்நெட் இல்லாத நேரம் இது சும்மா பெட்டியா?

ஆய்தஎழுத்து பதில்:

பைதன் ஓடும். லினக்ஸ் பகுதியை இயக்கினால் வருவது டெபியன் என்ற லினக்ஸ் வகை, பைதன் 3 அதில் ஏற்கெனவே இருக்கும். தொனி என்ற சின்ன எடிட்டரைச் சேர்த்தால் பாடத்திட்டத்துக்கு அது தாராளம். விஎஸ் கோட் போடலாம், ஆனால் 4 ஜிபியில் அது பாரம். பிஎச்பிக்கு, எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுத் தரும் ஸாம்ப் தொகுப்பு தேவையில்லை. பிஎச்பியையும், மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாக மரியாடிபியையும் நேரே போட்டு, பிஎச்பி சேர்வரை ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் என்பதோடு அதன் போர்ட் எண்ணையும் குரோமில் அடித்தால் பக்கம் திறக்கும். லினக்ஸுக்கு 10 ஜிபி ஒதுக்கச் சொல்லிக் கேட்கும். 32 ஜிபி இயந்திரத்தில் ஓஎஸ் தன்னை இரண்டு பிரதியாக வைத்திருப்பதால் உங்களுக்கு மிஞ்சுவது ஏற்கெனவே குறைவு. முதலில் ஃபைல்ஸில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இடம் போதாதென்றால் பைதனை மட்டும் இதில் வைத்துக்கொண்டு பிஎச்பியை டெஸ்க்டொப்பில் செய்யட்டும். லினக்ஸ் செயலிகளுக்குள் தமிழ் உள்ளீடு எல்லா வேளையும் ஒழுங்காய் வராது, கருத்துரையைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் டொக்ஸில் அடித்து ஒட்டுவது உத்தமம்.

ஒரு எச்சரிக்கை, பிறகு கம்பஸ் போகும்போது: சேஃப் எக்ஸாம் பிரவுசரில் பரீட்சை வைத்தால் குரோம்புக்கில் எழுத முடியாது, அதற்குக் குரோம் ஓஎஸ் பதிப்பு இல்லை. பாடமும் ஒப்படையும் போடும் மூடில் எல்எம்எஸ் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை, அது வெறும் வலைப்பக்கம்தான். எக்செல் மக்ரோ உள்ள ஃபைலும் பிரவுசர் எக்செல்லில் ஓடாது.

தெகிவளைச்சந்தி பதில்:

இன்டர்நெட் இல்லாத விஷயத்துக்கு: பெட்டி இல்லை, ஆனால் முன்கூட்டியே ஆயத்தம் பண்ணி வைக்கணும். லைன் இருக்கும்போதே டிரைவ் செட்டிங்ஸில் "ஓஃப்லைன்" என்ற பெட்டியில் சரி போடுங்க. பிறகு ஃபைல்ஸ் அப்பில் வேண்டிய டொக்குமென்ட்டை ரைட் கிளிக் பண்ணி ஓஃப்லைனில் வைக்கச் சொல்லுங்க. கரண்ட் போய் ரவுட்டர் நின்ற பிறகு இதைச் செய்ய ஏலாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள் எல்லாத்தையும் டவுன்லோட்ஸில் இறக்கி வைச்சிட்டால் லைன் தேவையே இல்லை. ஆனால் டவுன்லோட்ஸ் டிரைவில் ஏறாது. இயந்திரத்தை அழிச்சால் அதுவும் போகும்.

ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் பாவிக்கிறதென்றால் செட்டிங்ஸில் அந்த வைஃபையைத் திறந்து "மீட்டர்ட்" என்றதை ஓன் பண்ணுங்க. ஓஎஸ் முழு அப்டேட் ஒரு ஜிபியையும் தாண்டும், சும்மா கிடக்கிற டேட்டாவை இரவோட இரவா விழுங்கும். அப்டேட்டை வீட்டு ஃபைபரில் விட்டு, முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணினால்தான் அது ஏறும். மூடியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தால் மாசக்கணக்கில் பழசிலேயே ஓடும்.

சார்ஜர்: 45 வொட் டைப் சி பிடி சார்ஜர் எதுவும் போதும். ஃபோன் சார்ஜரைக் குத்தினால் "லோ பவர் சார்ஜர்" என்று காட்டும்; மூடி வைச்சிருக்கும்போது மெதுவாய் ஏறும், சூம் ஓடும்போது ஏற்றத்தை விட இறக்கம் கூட. கடையில் தந்த சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கா என்று மட்டும் பாருங்க, பிளக்குக்கு அடப்டர் போதும். ஆட்டம் காணுற உருண்டைப் பின் சொக்கெட்டில் மல்டிபிளக்குக்கு மேல் மல்டிபிளக் ஏற்றி இதைக் குத்த வேண்டாம்.

கொழும்பு06:

கடைக்காரரிடம் பற்றரியைக் காட்டினன், விலையில் கொஞ்சம் குறைச்சுத் தாறன் என்றவர். வைச்சுக்கொள்ளுறம். கடைசியாய் ஒன்று: இது ஒருநாள் எழும்பாமல் விட்டால் கடைக்கே போக வேணுமா?

மின்குமிழ் பதில்:

அனேகமாய் இல்லை. இப்பவே 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றை ஆயத்தமாய் வையுங்கோ. டெஸ்க்டொப்பில் குரோம் பிரவுசரில் குரோம்புக் ரிக்கவரி யூடிலிட்டி எக்ஸ்டென்ஷனைப் போட்டு, மாடல் நம்பர் குடுத்தால் அது இறக்கி எழுதித் தரும். மாடல் நம்பர், இயந்திரத்தின்ர அடியில் இருக்கிற வர்த்தகப் பேர் இல்லை. ரிக்கவரித் திரையில் கீழே வருகிற நீட்டுப் பேர். அதைப் பார்க்க எஸ்கேப்பையும் ரிஃப்ரெஷ்ஷையும் பிடிச்சுக்கொண்டு பவரைத் தட்டுங்கோ. பேரை ஃபோனில் படம் எடுத்துப்போட்டு, ஒன்றும் செய்யாமல் பவரை அமத்திப் பிடிச்சு ஓஃப் பண்ணினால் பழையபடி எழும்பும்.

திரையே வராமல் செத்த மாதிரிக் கிடந்தால் ஓஎஸ் பழுதாய் இருக்கத் தேவையில்லை. சார்ஜரைக் குத்தி அரை மணித்தியாலம் விட்டு, ரிஃப்ரெஷ்ஷைப் பிடிச்சுக்கொண்டு பவரைத் தட்டிப் பாருங்கோ. பிறகு பற்றரி மாத்தினாலும் இதே கதைதான்: பல மாடல்கள் புதுப் பற்றரியைக் கொழுவின உடனே எழும்பாது, சார்ஜரைக் குத்தினால்தான் உயிர் வரும். மாத்திக் குடுக்கிறவர் "போர்ட் போயிட்டுது" என்று சொன்னால் முதல் சார்ஜரைக் குத்தச் சொல்லுங்கோ.